உலோகம் உள்ளேதான் இருக்கிறதா? சியோலைட் கூண்டுகளும் வினையூக்கிகளும்



படிவம் 4 வேதியியலில் வினை வேகம் பற்றிய பாடத்தில் வினையூக்கியைப் படித்திருப்பீர்கள். மலாய்ப் பாடநூலில் அதற்கு ‘மங்கின்’ என்று பெயர். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் ஒரு சிட்டிகை மாங்கனீசு ஈராக்சைடைப் போட்டவுடன் குமிழ்கள் பொங்கி எழும். வினை முடிந்த பிறகு வடிகட்டினால் அந்தக் கறுப்புத்தூள் அப்படியே கிடைக்கும். வினையை வேகப்படுத்தும், ஆனால் தான் தீர்ந்துபோகாது. அதுதான் வினையூக்கி.

அந்தப் பாடத்தை நடத்தியபோது, இன்றைய தொழிற்சாலைகள் சில உலோக வினையூக்கிகளைச் சியோலைட் என்ற கல்லின் நுண்துளைகளுக்குள் வைக்கின்றன என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள். “டீச்சர், அந்தத் துளையே கண்ணுக்குத் தெரியாது. உலோகம் உள்ளதான் இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க? வெளியில ஒட்டிக்கிட்டு இருக்கலாம் இல்லையா?”

“மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்துப் பார்ப்பார்கள்” என்று உடனே சொல்லிவிட்டேன். அன்று இரவு படித்துப் பார்த்தபோது என் பதில் அரைகுறையானது என்று புரிந்தது. மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய முழுப் பதிலே இந்த வாரப் பாடம்.

1. ஏன் பொடிப்பொடியாக்க வேண்டும்?

திட வினையூக்கியில் வேலை செய்பவை மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள் மட்டுமே. உள்ளே புதைந்திருக்கும் அணுக்களை வாயு மூலக்கூறுகள் தொடவே முடியாது. பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகத்தில் இது பெரிய நட்டம்.

ஒரு கணக்குப் போடுவோம். பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள பிளாட்டினக் கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 21 கிராம். அதற்கு ஆறு முகங்கள். மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சல் தலையைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். இப்போது அதைப் பக்கம் 1 நானோமீட்டர் கொண்ட குட்டிக் கனசதுரங்களாக வெட்டுவதாக நினையுங்கள். 1 சென்டிமீட்டரில் 1 கோடி நானோமீட்டர் இருக்கிறது. எனவே ஒவ்வொரு திசையிலும் 1 கோடி துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பும் 1 கோடி மடங்கு பெருகி, 6 கோடி சதுர சென்டிமீட்டர், அதாவது 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு காற்பந்துத் திடல்!

உலோகம் அதே 21 கிராம்தான். வேலை செய்யும் இடம்தான் அஞ்சல் தலையிலிருந்து திடலாக விரிந்திருக்கிறது.

2. கெலாடி இலையில் நீர்த்துளிகள்

அப்படியானால் பொடியாக்கிப் பயன்படுத்தினால் போதாதா? போதாது. மழைக்குப் பின் கெலாடி இலையைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னச் சின்ன நீர்த்துளிகள் இலையை ஆட்டியதும் உருண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளியாகிவிடும். நானோ உலோகத் துகள்களும் அப்படித்தான். மேற்பரப்பு அணுக்களுக்குச் சுற்றிலும் அண்டை அணுக்கள் முழுமையாக இல்லை. அதனால் அவற்றின் ஆற்றல் அதிகம். துகள்கள் சேர்ந்து பெரிதானால் மேற்பரப்பு குறையும், ஆற்றலும் குறையும். வெப்பம் கிடைத்தால் போதும், அவை சேரத் தொடங்கிவிடும்.

எந்த வெப்பநிலையில்? வேதியியலாளர்கள் ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள். உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எழுதி, அதில் பாதியை எடுங்கள். அந்த வெப்பநிலையை நெருங்கும்போது திடப்பொருளின் அணுக்கள் நன்றாக இடம் மாறத் தொடங்கும். செம்பின் உருகுநிலை 1,085 டிகிரி செல்சியஸ், அதாவது 1,358 கெல்வின். பாதி 679 கெல்வின். அது சுமார் 406 டிகிரி செல்சியஸ்தான். மிகச் சிறிய துகள்கள் இதற்கும் முன்பே நகரத் தொடங்கும். தொழிற்சாலை உலைகளுக்கும் வாகனப் புகைக்குழாய்களுக்கும் இந்த வெப்பம் சாதாரணம்.

ஆகவே நமக்கு வேண்டியது ஓர் அடுக்குமாடி வீடு. ஒவ்வொரு துகளுக்கும் தனி அறை. வாசல் வழியே சிறிய மூலக்கூறுகள் வந்து போகலாம். உள்ளே இருக்கும் துகள் வெளியே போக முடியாத அளவுக்கு வாசல் சிறியதாக இருக்க வேண்டும். அந்த வீடுதான் சியோலைட்.

3. கொதிக்கும் கல்

1756-இல் சுவீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் ஆக்செல் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கினார். கல்லிலிருந்து நீராவி கிளம்பியது; கல் கொதிப்பது போலத் தோன்றியது. கிரேக்க மொழியில் ‘கொதி’, ‘கல்’ எனப் பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்துச் சியோலைட் என்று பெயரிட்டார். அந்த நீர் எங்கே இருந்தது? கல்லின் நுண்துளைகளுக்குள்.

சியோலைட்டின் சட்டகத்தில் சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் என்ற மூன்று தனிமங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு அண்டை அணுக்களுக்குப் பொது. இப்படிக் கோத்துக்கொண்டே போனால் வளையங்களும், வளையங்களால் ஆன கூண்டுகளும் உருவாகும். வளையம்தான் கூண்டின் சன்னல்.

சில இடங்களில் சிலிக்கனுக்குப் பதிலாக அலுமினியம் உட்கார்ந்திருக்கும். சிலிக்கனின் இணைதிறன் 4, அலுமினியத்துக்கு 3. எனவே அலுமினியம் இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் சட்டகத்துக்கு ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும். அதைச் சமன்செய்யச் சோடியம் போன்ற நேர் அயனி ஒன்று அருகில் வந்து நிற்கும். சட்டகத்தோடு பிணைக்கப்படாததால் அதை வேறு நேர் அயனியால் மாற்றிவிடலாம். இதை நினைவில் வையுங்கள். அடுத்த பகுதிக்கு இதுதான் சாவி.

ஏ-வகைச் சியோலைட்டில் இதன் விளைவை அழகாகப் பார்க்கலாம். பொட்டாசியம் அயனி இருந்தால் சன்னல் சுமார் 0.3 நானோமீட்டர். சோடியம் என்றால் 0.4. கால்சியம் என்றால் 0.5. ஒரு கால்சியம் அயனி இரண்டு சோடியம் அயனிகளின் வேலையைச் செய்வதால், சன்னலை அடைத்து நிற்கும் அயனிகள் குறைந்துவிடுகின்றன. கால்சியம் வடிவத்துக்குள் நேர்ச்சங்கிலி பியூட்டேன் நுழையும். கிளைச்சங்கிலி கொண்ட ஐசோபியூட்டேன் நுழையாது. இரண்டிலும் நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன் அணுக்கள்தான். உருவம்தான் வேறு. இதனால்தான் இவற்றை மூலக்கூற்றுச் சல்லடை என்கிறார்கள்.

1960-இல் அமெரிக்காவின் மொபில் நிறுவன ஆய்வாளர்கள் பால் வைஸ், வின்சென்ட் ஃபிரிலெட் இருவரும் இந்தச் சல்லடையை வினையூக்கியாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். சன்னலுக்குள் நுழைய முடிந்த மூலக்கூறு மட்டும் வினைபுரியும். மற்றது வெளியே நிற்கும்.

4. உள்ளே குடியேற்றுவது எப்படி?

முதல் வழி, ஊறவைத்தல். உலோக உப்புக் கரைசலில் சியோலைட்டை ஊறவைத்து உலர்த்துவது. எளிது, மலிவு. ஆனால் உப்பின் ஒரு பகுதி படிகத்தின் வெளிப்புறத்திலேயே தங்கிவிடும்.

இரண்டாவது வழி, அயனிமாற்றம். ஒரு பிளாட்டினம் அயனியை நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்த நேர்மின் அயனியாகத் தயாரிக்கிறார்கள். ஒய்-வகைச் சியோலைட்டின் சன்னல் சுமார் 0.74 நானோமீட்டர், இந்த அயனி அதன் வழியே போய், உள்ளே இருக்கும் சோடியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அமரும். எதிர்மின்சுமைகள் சட்டகம் முழுவதும் பரவியிருப்பதால் பிளாட்டினமும் பரவலாகவே அமரும்.

இதற்குப் பின் இரண்டு வேலைகள் உண்டு. காற்றில் அல்லது ஆக்சிஜனில் மெதுவாகச் சூடாக்கி அம்மோனியாவை நீக்க வேண்டும். பிறகு ஹைட்ரஜனைச் செலுத்திப் பிளாட்டினம் அயனியை உலோகமாக ஒடுக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். அம்மோனியா ஒட்டியிருக்கும்போதே ஹைட்ரஜனைச் செலுத்தினால், மின்சுமை இழந்த பிளாட்டினம் பிடிமானமின்றிக் கூண்டு விட்டுக் கூண்டு நழுவி, ஓரிடத்தில் திரண்டுவிடும். ஒரே பொருள்கள், ஒரே உலை. வரிசை மாறினால் வினையூக்கியே வேறாகிவிடுகிறது.

சன்னல் 0.4 நானோமீட்டர் என்றால் பிளாட்டினம் அயனி தன் அம்மோனியாவோடு உள்ளே போகாது. அப்போது மூன்றாவது வழி: வீட்டுக்குள் ஆளை அனுப்புவதற்குப் பதிலாக, ஆளைச் சுற்றி வீட்டைக் கட்டுவது. சியோலைட் படிகம் வளரும் கரைசலிலேயே உலோக அயனியைக் கலந்துவிடுகிறார்கள். இதிலும் சிக்கல் உண்டு. அந்தக் கரைசல் காரத்தன்மை மிகுந்தது. உலோகம் அதில் தனியே வீழ்படிவாகிவிடும். 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் என்ரிக்கே இக்லேசியாவின் குழு இதற்கு ஒரு துணைப்பொருளைப் பயன்படுத்தியது. அந்த மூலக்கூறின் ஒரு முனையில் கந்தகம், மறுமுனையில் சிலிக்கன். கந்தகம் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கன் முனை வளரும் சட்டகத்தோடு சேர்ந்துகொள்ளும். படிகம் வளர்ந்ததும் துணைப்பொருளை எரித்து நீக்கிவிடலாம். உலோகம் கூண்டுக்குள் சிறைப்பட்டிருக்கும்.

5. சாட்சிகளை விசாரிப்போம்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். உள்ளேதான் இருக்கிறதா? நீதிமன்றத்தில் சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரிப்பதுபோல் பார்ப்போம்.

எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்: படிகச் சட்டகம் சிதையாமல் இருக்கிறதா என்று சொல்லும். பெரிய பிளாட்டினப் படிகங்கள் திரண்டிருந்தால் அவற்றுக்கு உரிய கூர்மையான முகடு வரைபடத்தில் தெரியும். முகடு இல்லையென்றால்? துகள்கள் மிகச் சிறியவை என்றுதான் பொருள். அவை உள்ளே இருக்கின்றன என்று பொருளல்ல.

மின்னணு நுண்ணோக்கி: இதுதான் நான் அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி. கன அணுவான பிளாட்டினம் படத்தில் தெளிவாகத் தெரியும், அளவையும் அளக்கலாம். ஆனால் அந்தப் படம் ஒரு நிழல் போன்றது. கண்ணாடிப் போத்தலின் நிழலைச் சுவரில் விழச் செய்து, ஈ போத்தலுக்குள் இருக்கிறதா, வெளிப்புறம் ஒட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியுமா? முடியாது. அதனால்தான் மாதிரியைப் பல கோணங்களில் சாய்த்துப் படமெடுத்து முப்பரிமாணமாகத் தொகுக்கிறார்கள். அல்லது மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்க்கிறார்கள். அப்போதும் நாம் பார்ப்பது மாதிரியின் மிகச் சிறிய பகுதிதான்.

ஹைட்ரஜன் உறிஞ்சல்: மேற்பரப்பில் இருக்கும் ஒவ்வொரு பிளாட்டினம் அணுவும் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிடிக்கும். 100 பிளாட்டினம் அணுக்களுக்கு 80 ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டினால், 80 விழுக்காட்டு அணுக்கள் வாயுவின் கைக்கு எட்டும் நிலையில் உள்ளன. ஆனால் ஹைட்ரஜன் மிகச் சிறியது. உள்ளேயும் போகும், வெளியேயும் ஒட்டும். ஆகவே இந்தச் சாட்சிக்கும் இடம் தெரியாது.

எக்ஸ் கதிர் உட்கவர்தல்: ஓர் அணுவுக்குச் சராசரியாக எத்தனை அண்டை அணுக்கள் என்று சொல்லும் முறை. இதற்குச் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய கருவி வேண்டும். நம் பக்கத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும், தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமா நகரிலும் இவை உள்ளன. பெரிய பிளாட்டினக் கட்டியில் ஓர் அணுவுக்கு 12 அண்டை அணுக்கள். நடுவில் ஓர் அணு, சுற்றிலும் 12 அணுக்கள் என்று 13 அணுக்கள் கொண்ட கொத்தைக் கற்பனை செய்யுங்கள். நடு அணுவுக்கு 12 அண்டைகள். கட்டியில் உள்ள அதே அடுக்கு முறையில், வெளி அணு ஒவ்வொன்றுக்கும் 5 அண்டைகள். மொத்தம் 12 கூட்டல் 60, அதாவது 72. அதை 13-ஆல் வகுத்தால் சுமார் 5.5. அளவீடு 5.5-ஐ ஒட்டி வந்தால், 13 அணுக்கள் அளவிலான கொத்துகள் என்று ஊகிக்கலாம். அந்தக் கொத்தின் குறுக்கே மூன்று அணுக்கள். அகலம் ஏறத்தாழ 0.83 நானோமீட்டர். ஒய்-வகையின் கூண்டு சுமார் 1.2 நானோமீட்டர். கொத்து கூண்டுக்குள் பொருந்துகிறது, 0.74 சன்னல் வழியே அப்படியே வெளியே வராது. பொருத்தமான சாட்சிதான். ஆனாலும் பொருந்துகிறது என்பது வேறு, உள்ளே இருக்கிறது என்பது வேறு.

கடைசிச் சாட்சி, வினையே! ஏ-வகைச் சியோலைட்டுக்குள் பிளாட்டினம் இருப்பதாகச் சொல்கிறோம் அல்லவா? சிறிய எத்தீன் மூலக்கூறையும், பெரிய டொலுயீன் மூலக்கூறையும் தனித்தனியே ஹைட்ரஜனோடு வினைபுரிய விடுவோம். துளையற்ற சிலிக்கா மேல் உள்ள பிளாட்டினத்தில் இரண்டும் வினைபுரியும். சியோலைட் மாதிரியில் எத்தீன் மட்டும் வேகமாக வினைபுரிந்து, டொலுயீன் ஏறக்குறைய அசையாமல் நின்றால், வேலை செய்யும் பிளாட்டினம் சன்னலுக்கு அப்பால்தான் இருக்கிறது.

இதை இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். தையோஃபீன் என்ற கந்தகச் சேர்மம் பிளாட்டினத்துக்கு நஞ்சு. அதன் உருவம் ஏ-வகையின் சன்னலுக்குப் பெரிது. தையோஃபீனைக் கலந்த பிறகும் எத்தீன் வினை பெருமளவு தொடர்ந்தால், உலோகம் நஞ்சு எட்டாத இடத்தில் இருக்கிறது. வெளியில் ஒட்டியிருந்தால் வினை நின்றுபோயிருக்கும்.

கவனித்தீர்களா? எந்த ஒரு கருவியும் தனியாக முழு விடையைச் சொல்லவில்லை. ஒன்று அளவைச் சொன்னது, ஒன்று எண்ணிக்கையைச் சொன்னது, ஒன்று இடத்தைச் சொன்னது. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் ஆய்வாளர் “உள்ளே இருக்கிறது” என்று எழுதத் துணிகிறார்.

6. லோரியின் அடிவயிற்றில்

இதெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடும் செய்தியல்ல. டீசல் இயந்திரத்தின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு. இவை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். வெயிலில் புகைமூட்டத்தையும் உண்டாக்கும். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளிலும் பள்ளிகளிலும் இருப்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை.

புதிய டீசல் லோரிகள் பலவற்றில் யூரியாக் கரைசலுக்கென்று தனித் தொட்டி இருக்கும். சூட்டில் யூரியா அம்மோனியாவைத் தரும். வினையூக்கியின் மேல் 4 நைட்ரிக் ஆக்சைடு, 4 அம்மோனியா, 1 ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேர்ந்து 4 நைட்ரஜன், 6 நீர் மூலக்கூறுகளாக மாறுகின்றன. சமன்பாடு சரியா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த வேலைக்குப் பயன்படும் வினையூக்கிகளுள் ஒன்று, எஸ்.எஸ்.இசட்-13 என்ற சியோலைட்டுக்குள் வைக்கப்பட்ட செம்பு. இங்கே செம்பு உலோகத் துகளாக இல்லை. தனித்தனி அயனியாக, அலுமினியத்தின் எதிர்மின்சுமைக்கு அருகில் நிற்கிறது. சன்னல் சுமார் 0.38 நானோமீட்டர். சன்னல் பெரிதாக உள்ள இசட்.எஸ்.எம்-5 என்ற சியோலைட்டில் செம்பை வைத்து முன்பே முயன்றார்கள். புகைக்குழாயின் சூடான நீராவியில் அது நாளடைவில் பழுதானது. எஸ்.எஸ்.இசட்-13 தாக்குப்பிடித்தது. இந்தச் சியோலைட்டை அமெரிக்க வேதியியலாளர் ஸ்டேசி ஜோன்ஸ் 1980-களிலேயே உருவாக்கிவிட்டார். வாகனங்களில் செம்போடு அது இடம்பிடித்தது ஏறக்குறைய 2010-இல்தான். ஒரு கண்டுபிடிப்பு தனக்கேற்ற வேலைக்காகக் கால் நூற்றாண்டு காத்திருந்தது.

2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு என் மாணவியின் கேள்வியை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. வினை நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிர் முறையால் செம்பைக் கவனித்தார்கள். அம்மோனியா சூழ்ந்த செம்பு அயனிகள் தம் இடத்தை விட்டு நகர்ந்து, அடுத்த கூண்டின் அயனியோடு இணைசேர்ந்து, ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மீண்டும் பிரிகின்றன என்று தெரியவந்தது. ஆனால் எதிர்மின்சுமையின் ஈர்ப்பை விட்டு அவை வெகுதூரம் போவதில்லை. கயிற்றில் கட்டிய ஆடு சுற்றி மேய்வது போல. ஆகவே “உலோகம் எங்கே இருக்கிறது?” என்பதோடு, “வேலை செய்யும்போது எங்கே இருக்கிறது?” என்றும் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது, “அப்போ நிறுத்தி வெச்ச லோரியைப் பார்த்தா போதாது, ஓடுற லோரியைப் பார்க்கணும்” என்றாள். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

செய்து பாருங்கள்

1. தங்கத்தின் உருகுநிலை 1,064 டிகிரி செல்சியஸ். பாதி விதிப்படி அதன் அணுக்கள் எந்த வெப்பநிலையில் நன்றாக நகரத் தொடங்கும்?

2. சன்னல் 0.4 நானோமீட்டர் உள்ள சியோலைட்டுக்குள் நீர் (0.27), நைட்ரஜன் (0.36), பென்சீன் (0.585) ஆகியவற்றுள் எவை நுழையும்?

3. ஒரு மாதிரியில் எக்ஸ் கதிர் வரைபடம் பிளாட்டின முகடு எதையும் காட்டவில்லை. ஆனால் துளையற்ற சிலிக்கா மேல் உள்ள பிளாட்டினத்தைப் போலவே, சிறிய மூலக்கூறும் பெரிய மூலக்கூறும் இதில் வினைபுரிகின்றன. பிளாட்டினத்தைப் பற்றி என்ன முடிவுக்கு வருவீர்கள்?

விடைகள்: (1) சுமார் 395 டிகிரி செல்சியஸ். (2) நீரும் நைட்ரஜனும். (3) துகள்கள் மிகச் சிறியவை. ஆனால் வேலை செய்யும் பிளாட்டினம் பெரும்பாலும் கூண்டுக்கு வெளியே இருக்கிறது.